ஆவடி தாண்டினால் தனி வீடு

சென்னையில் மாதச் சம்பளக்காரர்கள் தனி வீடு வாங்குகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். நாங்கள் வாங்கியிருக்கிறோம்! திருநின்றவூரில், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், அரை கிரவுண்ட் மனையில், கிழக்குப் பார்த்த வாசல் வைத்த தனி வீடு. இரண்டு பெட்ரூம், நீளமான ஹால், சுற்றிவர காம்பவுண்ட் சுவர், பின்பக்கம் உறைக்கிணறு, அதை ஒட்டி இரண்டு தென்னை, ஒரு முருங்கை. மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே இருக்கிற வானம் வரைக்கும் எங்களுடையது. விலை 48 லட்சம். இந்தப் பணத்துக்கு நகரத்துக்குள் தரகர்கள் எங்களுக்குக் காட்டியதெல்லாம் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிப் பழைய ஃபிளாட்தான். யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுதியும் வைத்துவிட்டால் இன்னும் நாலு குடும்பம் மேற்கே ரயில் ஏறுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் தெற்கே ஓடுகிறார்கள். வீடு என்றதும் ஓ.எம்.ஆர்., தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ஐ.டி. வேலை அங்கே இருக்கிறது, போகட்டும். ஆனால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் புறநகர் ரயில் பிடித்து பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே போகிறீர்களே, அந்தத் தடத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்., அம்பத்தூரில் அறுபதுகளில் தொழிற்பேட்டை, ஆவடியில் டேங்க் ஃபேக்டரி. இந்த மூன்று இடங்களிலும் ஷிஃப்ட் பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள், பி.எஃப். கடன் போட்டு, சொசைட்டி கடன் போட்டு, இந்த ரயில் பாதையின் இரண்டு பக்கமும் அரை கிரவுண்ட், முக்கால் கிரவுண்ட் என்று மனை வாங்கிப் போட்டார்கள். அதில் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது. பிள்ளைகள் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். பெரியவர்களும் பிள்ளைகளோடு போய்ச் சேர்கிறார்கள். அவர்கள் கட்டிய வீடுகள்தாம் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று வரிசையாக விலைக்கு வருகின்றன.

தயவுசெய்து இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: விற்பதற்கென்றே கட்டிய வீடு வேறு, தான் குடியிருக்கக் கட்டிய வீடு வேறு. நாங்கள் புது வீடுகளும் நிறையப் பார்த்தோம். பளபளவென்று டைல்ஸ், வாசலில் ஸ்டீல் கேட், ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு. ஆனால் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. துணி துவைக்கிற கல் போட இடம் இல்லை. மாடிப்படி ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத அகலம். தனக்கென்று கட்டிக்கொண்டவர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார். அவர் வீட்டைச் சுற்றி நடக்க வழி விட்டிருப்பார், சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் புகை போகும் என்று யோசித்திருப்பார், லாஃப்ட் போட்டிருப்பார், கொல்லைப்புறக் கதவு வைத்திருப்பார்.

எங்கள் வீட்டை விற்ற பெரியவர் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை போனபோதே ஒரு ரெக்சின் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் தாய்ப் பத்திரம், தன் கிரையப் பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், ஒரு வருஷம் விடாமல் கட்டிய வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாம் இருந்தன. அஸ்திவாரம் தோண்டியபோது எடுத்த போட்டோகூட இருந்தது. "ஏம்மா, இந்தப் போட்டோவைப் பாரு. கீழ எத்தனை அடி கம்பி போயிருக்குன்னு இதுல தெரியும். இடிச்சாப் பாக்க முடியும்?" என்றார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. பிறகு என் கணவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய் மீட்டர் பாக்ஸைத் திறந்து காட்டினார். அந்தப் பலகைக் கதவின் உள்பக்கம் முழுக்க பென்சில் எழுத்து. மோட்டார் காயில் கட்டிய தேதி, டேங்க் கழுவிய தேதி, செப்டிக் டேங்க் எடுத்த தேதி, எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்கிற வரைபடம். கிணற்றில் சித்திரை மாதம் எத்தனை உறைக்குத் தண்ணீர் நின்றது என்பதும் வருஷவாரியாக இருந்தது! இன்றைக்கும் அந்தக் கதவை நாங்கள் பெயிண்ட் அடிக்க விடவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நான் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறேன்.

விலை பேசி முடித்த பிறகு பெரியவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தென்னைக்குத் தண்ணி காட்டுறதை மட்டும் நிறுத்திடாதம்மா." நிறுத்துவேனா?

பணம் எப்படிப் புரட்டினோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற வரம்பு எளிமையானது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் கொடுக்கலாம். ஆக 48 லட்சம் வீட்டுக்கு எங்களுக்குக் கிடைத்தது 38 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் நம் கைப்பணம். அதோடு பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. எங்களுக்கு அது 4 லட்சத்து 32 ஆயிரம். வங்கி இதைக் கடனில் சேர்க்காது. அதாவது கையில் கிட்டத்தட்ட 14 லட்சம் இல்லாமல் இந்த விலை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எங்கள் கல்யாண நகையில் பாதி, என் பி.எஃப்., என் கணவரின் சீட்டுப் பணம், என் அத்தை தானாக எடுத்துக் கொடுத்த வைப்புத்தொகை, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த 14. மாதத் தவணை 33 ஆயிரத்துச் சொச்சம். இரண்டு பேர் சம்பளத்தில் இறுக்கிப் பிடித்தால் முடிகிறது. வில்லிவாக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையைவிட அதிகம்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். அத்தை ஊரிலிருந்து வந்து எத்தனை மாதம் இருந்தாலும் யாரும் தண்ணீர்க் கணக்கு பார்க்க மாட்டார்கள்.

ஃபிளாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் யு.டி.எஸ். என்கிற கணக்கைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடியில் உங்கள் பெயருக்கு வருகிற பிரிக்கப்படாத நிலப் பங்கு பெரும்பாலும் வீட்டின் சதுர அடியில் பாதியைச் சுற்றித்தான் இருக்கும். கட்டடம் வருஷாவருஷம் மதிப்பு இறங்கும், நிலம்தான் ஏறும். எங்களுக்கு 1,200 சதுர அடி நிலமும் முழுசாக எங்கள் பெயரில். நாளைக்கு மேலே ஒரு மாடி எழுப்பலாம், பின்னால் ஒரு சின்ன போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம், ஒன்றுமே செய்யாமல் கத்தரிக்காய் போடலாம். இப்போதைக்குக் கத்தரிக்காய்தான்.

இப்போது தண்ணீர். இதை நான் அடித்துச் சொல்வேன்: திருநின்றவூரில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஏரி எங்கே இருக்கிறது என்பதை. பெரிய ஏரி அது. நிறைந்து நிற்கிறபோது பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் ஏரியை ஒட்டித் தாழ்வாக அமைந்த சில நகர்களில் 2021 மழையில் தண்ணீர் உள்ளே வந்து பல நாள் வடியாமல் நின்றது. அங்கே மனை விலை மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். நாங்கள் வெயில் காலத்தில் வீடு பார்க்கவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தோம், மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, காலி மனையில் கோரைப்புல் முளைத்திருக்கிறதா, காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை முனைக்கடை அக்காவிடம் கேளுங்கள். எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற அக்கா, "2015-ல பிளாட்ஃபார்ம் வரைக்கும் வந்துச்சு, படி ஏறல. மிக்ஜாம் புயல்லயும் அதே கதைதான். அந்தாண்ட மூணாவது தெரு போனீங்கன்னா முட்டிக்கால்" என்று கையால் அளந்து காட்டினார். எந்த இன்ஜினீயர் ரிப்போர்ட்டும் இவ்வளவு தெளிவாக இருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவர் கடையில்தான் மாதச் சாமான் வாங்குகிறேன்.

பத்திர விஷயம் பயமுறுத்தும் என்று நினைக்கிறீர்களா? சத்தியமாக இல்லை. முன்பெல்லாம் வில்லங்கம் போட வேண்டும் என்றால் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். இப்போது பதிவுத் துறையின் இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எல்லாமே வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இருக்கிறது. இரவு சாப்பிட்ட பிறகு நானும் என் கணவரும் உட்கார்ந்து சர்வே நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்ப்போம். ஒரு மனையின் எஃப்.எம்.பி.யில் ஓடை ஒன்று குறுக்கே ஓடியது. தரையில் போய்ப் பார்த்தால் ஓடையே இல்லை, மேலே தார் ரோடு! அந்த வீட்டை அன்றைக்கே விட்டோம். இன்னொன்றில் 'அ' பதிவேட்டைத் திறந்தால் பக்கத்து உட்பிரிவு ஏரிப் புறம்போக்கு. அதையும் விட்டோம். வரைபடத்தைப் படிக்கப் பழகிவிட்டால் ஊர் முழுவதும் நம் உள்ளங்கையில் வந்துவிடுகிறது, அந்தச் சந்தோஷமே தனி.

அங்கீகாரம் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம். இந்தப் பக்கத்து பழைய லேஅவுட்டுகள் பல பஞ்சாயத்து காலத்தில் போட்டவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வரை பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை வாங்கலாம் என்பது அதன் சாரம். நீங்கள் பார்க்கிற மனைக்கு சி.எம்.டி.ஏ. அங்கீகாரமோ டி.டி.சி.பி. அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். விற்பவர் 'அதெல்லாம் பிறகு வாங்கிக்கலாம்' என்றால் அவரே வாங்கிக் கொடுத்த பிறகு கிரையம் செய்துகொள்ளுங்கள். வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாமல் நம் பக்கமும் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷத்துப் பத்திரத் தொடர்ச்சியைக் காட்டிவிடுவது நல்லது. அந்தச் சில ஆயிரம் ரூபாயைப் போல நிம்மதி தந்த செலவு எனக்கு வேறு இல்லை. காலி மனை வாங்கிக் கட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி: 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ மேல் ஒரு மாடியோ கட்ட இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம்.

சர்வேயர் வந்து நாலு மூலையிலும் சங்கிலி பிடித்துக் கல் நட்டுக் காட்டிய அன்றைக்கு நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டேன். வடகிழக்கு மூலைக் கல்லில் அத்தை மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்.

இந்த ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்ததில் எனக்கு இன்னொரு பெரிய ஆனந்தம் உண்டு. பூசலார் நாயனாரின் ஊர் இது. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு ஊரெல்லாம் பொருள் தேடி, கிடைக்காமல், மனசுக்குள்ளேயே நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாக அடுக்கி, விமானம் எழுப்பி, கிணறு தோண்டி, மதில் வளைத்துக் கட்டி முடித்தவர். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருக்கிறான். நாளைக்கு நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்று இறைவன் கனவில் வந்து சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இருதயாலீசுவரர் கோயில் என்று இன்றைக்கும் இங்கே இருக்கிறது. பதிவு முடிந்த சாயங்காலம் நேரே அங்கேதான் போனோம். வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, கிணறு எங்கே, துளசி மாடம் எங்கே, மாடிப்படி எந்தப் பக்கம் என்று வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சந்நிதியில் கண் நிறைந்துவிட்டது. அத்தைக்கோ பத்தவத்சலப் பெருமாள் கோயில். அங்கே தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் போய்விடுவார். திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசத்துக்கு நடந்தே போய் வருகிற தூரத்தில் 48 லட்சத்துக்கு வீடு கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பே வந்திருப்பேன் என்கிறார்!

தூரம்? சென்ட்ரலில் இருந்து 29 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில். எனக்கு ஆபீஸ் பார்க் டவுன் பக்கம் என்பதால் இறங்கினால் நடைதான். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதச் செலவு ஒரு தடவை ஆட்டோவில் குறுக்கே போகிற காசுகூட ஆகாது. காலை நேரத்து லேடீஸ் கம்பார்ட்மென்ட் ஒரு தனி உலகம். ஆவடிக்குள் ஒருத்தர் கீரை ஆய்ந்து முடித்துவிடுவார், அம்பத்தூருக்குள் இன்னொருத்தர் பூ தொடுத்து முடித்து நாலு பேருக்குக் கிள்ளிக் கொடுத்துவிடுவார். எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்கிற தகவலும் அங்கேதான் முதலில் வரும். எங்கள் வீட்டைப் பற்றிய துப்பே அப்படி வந்ததுதான். விற்ற அம்மாவின் அண்டை வீட்டுப் பெண் என் எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர். தரகு 1 சதவீதம் மிச்சம்!

சாலை வழியாக வருகிறவர்களுக்கு நெமிலிச்சேரியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. தாம்பரம் பக்கம் வேலை பார்க்கிற என் தம்பி அதில்தான் வந்துவிட்டுப் போகிறான். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். ஆவடி 2019-இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது, திருநின்றவூரும் நகராட்சி ஆனது. கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோ நீட்டிக்கவும் திட்டம் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நம்பி விலையைக் கூட்டிச் சொல்கிறவர்களிடம் அசைந்து கொடுக்காதீர்கள். ஓடுகிற ரயிலுக்கு விலை கொடுங்கள். ஓடப் போகிற ரயிலுக்கு வேண்டாம்.

குறை இல்லையா என்றால், மழைக்காலத்தில் உள்தெருக்களில் சேறு உண்டு. ராத்திரி கடைசி ரயிலை விட்டால் சிரமம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆவடியோ அதற்கு மேலோ போக வேண்டும். இவையெல்லாம் தெரிந்தேதான் வந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருங்கள், ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வரும். போன மாசியில் அந்த மாடியில்தான் அத்தை கூழ் கிளறிக் கொண்டுவந்து வேட்டியில் வடாம் பிழிந்தார். அதைப் பார்த்து எதிர் வீட்டம்மா, பக்கத்து வீட்டம்மா எல்லோரும் ஆளுக்கொரு அச்சோடு மாடியேறி வந்துவிட்டார்கள். என் மகள் காக்கா ஓட்டுகிற சாக்கில் பாதி வடாத்தை ஈரமாகவே தின்று தீர்த்தாள்.

எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் 'விற்பனைக்கு' பலகை தொங்குகிறது. திருநின்றவூர் விலை கட்டுப்படியாகாதவர்கள் அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டில் இறங்கிப் பாருங்கள், அதற்கும் அடுத்து செவ்வாப்பேட்டை, புட்லூர் இருக்கின்றன. திருவள்ளூரை நெருங்க நெருங்க மனை அகலமாகும், விலை இறங்கும். ஐப்பசி பிறந்ததும் கிளம்புங்கள். குடையையும் சர்வே நம்பர் குறித்துக்கொள்ள ஒரு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள், கிணற்றைக் காட்டுகிறேன்.